இரங்கலுக்கு ஓர் இடம்

அறவியல் என்பது மாந்தன் எவ்வாறு வாழ்தல் தகும் என்பதை ஆராயும் துறை. அவ்வாராய்ச்சி இரு கிளையாகப் பிரியும். எதைச் செய்தல் தகும் என்று வினவுவது ஒன்று. அதைச் செய்யுங்கால் உள்ளம் எந்நிலையில் இருத்தல் தகும் என்று வினவுவது மற்றொன்று. முதல் வினாவிற்கு ஏறத்தாழ ஒரே விடையைத் தரும் இரண்டு அறநெறிகள், இரண்டாம் வினாவில் நெடுந்தொலைவு பிரிந்து நிற்றல் கூடும். ஏதென்சில் தோன்றி உரோமப் பேரரசில் முதிர்ந்த இசுடோயிக்கு மெய்யியலும், அப்பேரரசின் கீழ்க்கோடியில் பிறந்து அதன் நகரங்கள்தோறும் பரவிய தொடக்கக் கிறித்தவ அறவுரையும் அத்தகையன. இவ்விரண்டையும் ஒப்பிடுவோர் பெரும்பாலும் ஒத்த மொழிகளைத் தேடி இணையிணையாக அடுக்குவர். அது பயனுடைய உழைப்பே. ஆயினும் தொடக்கம் மட்டுமே. ஒரே சூளையில் சுட்ட செங்கல் இரண்டு வீடுகளில் இருக்கலாம். எந்தச் சுவரில் அமைந்து எந்தச் சுமையைத் தாங்குகிறது என்பதைக் கொண்டே அதன் தொழிலை அறிய முடியும். ஆகவே, இரு நெறிகளும் உள்ளத்து உணர்வுகளை வகுத்த முறையை இங்கு முதன்மையாகக் காண்போம். இசுடோயிக்கர் திண்ணிய ஒழுங்குடன் வகுத்த நிரலில் ஒரு கட்டம் வெறுமையாக விடப்பட்டிருக்கிறது. இரு நெறிகளின் உறவும் பிரிவும் அந்த ஒரு கட்டத்தைச் சுற்றியே அமைந்துள்ளன என்பது என் துணிபு.

முதலில் பெயர். சைப்பிரசுத் தீவின் கித்தியம் நகரினரான சீனோன், கப்பல் உடைந்து சரக்கை இழந்து ஏதென்சை அடைந்தார் என்பது வழிவழிச் செய்தி. கி.மு. 300-ஐ ஒட்டி அவர் அந்நகர அங்காடி வெளியின் ஓரத்தில், ஓவியங்களால் அணி செய்யப்பட்ட ஒரு தூண்வரிசையின் நிழலில் கற்பிக்கத் தொடங்கினார். கூரையும் தூண்களும் உடைய அத்தகைய திறந்த நடையைக் கிரேக்கர் இசுடோவா என்றனர். பள்ளிக்கும் அதுவே பெயராயிற்று. இதற்கு ஏற்ற தமிழ்ச் சொல்லைத் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. தெருவை நோக்கித் திறந்த திண்ணையில் அமர்ந்து எழுத்தறிந்த தலைமுறைகள் நமக்கு உண்டு. திண்ணைப்பள்ளி என்னும் தொடரும் உண்டு. அன்றியும், திண்மை என்னும் சொல்லின் ஒலி திண்ணையில் கேட்பது, உள்ளத் திண்மையையே தலையாய கல்வியாகக் கொண்ட இவர்க்கு மிகப் பொருந்துகிறது. எனவே இவர்களைத் திண்ணையர் என்றே இக்கட்டுரை அழைக்கும்.

திண்ணையர் மெய்யியலை ஏரணம், இயற்பியல், அறவியல் என மூன்றாக வகுத்து, அதனை ஒரு தோட்டத்திற்கு ஒப்பிட்டனர். ஏரணம் வேலி, இயற்பியல் மண்ணும் மரமும், அறவியல் கனி. கனியை மட்டும் பறித்துக்கொண்டு மரத்தை மறப்போர் இன்று பலர்; ஆதலின் மரத்தைப் பற்றியும் சில சொல்ல வேண்டும். உலகம் முழுவதையும் ஊடுருவி நின்று அதனைக் கட்டிக்காக்கும் நுண்பொருள் ஒன்று உண்டு என்றும், அது வெப்பமும் காற்றும் கலந்தது என்றும், பள்ளியின் மூன்றாம் தலைவரான கிரிசிப்பசு கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் கற்பித்தார். அப்பொருளுக்கு அவர் ஆண்ட கிரேக்கச் சொல் மூச்சையும் குறிக்கும். தமிழில் அதனை ஆவி என்பதைவிடச் செம்மையாகச் சொல்ல இயலாது. நீர் வெப்பமுற்றுக் காற்றோடு கலப்பதையும் ஆவி என்கிறோம். உயிர்ப்பையும் ஆவி என்கிறோம். இறைவனின் மூச்சைத் தமிழ்க் கிறித்தவர் தூய ஆவி என்கின்றனர். கல்லில் பிணைப்பாகவும், செடியில் வளர்ச்சியாகவும், விலங்கில் உயிராகவும், மாந்தனில் அறிவாகவும் அந்த ஆவி படிப்படியாக நிற்கிறது என்பது திண்ணையர் வகைப்பாடு. பவுல் தம் மடல்களில் ஆளும் சொல்லும் அதுவே. ஆயின் திண்ணையர்க்கு அது உலகிற்கு உள்ளே நின்று இயங்கும் பொருள், அதுவே இறை; பவுலுக்கு அது உலகைப் படைத்தவர் விடுக்கும் கொடை.

அந்த ஆவி குருட்டு ஆற்றல் அன்று. சொல், கணக்கு, ஒழுங்கு, அறிவு ஆகிய நான்கையும் ஒருங்கே குறிக்கும் லோகோசு என்னும் சொல்லால் திண்ணையர் அதன் இயல்பைக் குறித்தனர். நெறியும் சொல்லும் ஒன்றாய் நிற்பதால் அதனை நெறிச்சொல் எனலாம். யோவான் நற்செய்தியின் முதல் வரியில் நிற்பதும் இதே சொல். உலகின் ஒழுங்காகிய நெறிச்சொல் ஊனுடம்பு எடுத்து ஒரு மாந்தராய் வாழ்ந்தது என்று அந்நூல் கூறத் துணிந்தபோது, திண்ணையின் சொல் ஒன்று திண்ணையர் எவரும் எதிர்பாராத வேலையைச் செய்யத் தொடங்கிற்று.

இனிக் கனிக்கு வருவோம். மாண்பு ஒன்றே நன்மை. மாண்பின்மை ஒன்றே தீமை. ஏனைய எல்லாம் இரண்டும் அல்ல என்பது திண்ணையர் அறவியலின் அடித்தளம். இவ்வேனையவற்றை நொதுமற்பொருள்கள் என்போம். அவற்றுள்ளும் உடல்நலம், செல்வம், நற்பெயர் முதலியன விழையத் தக்க நொதுமல்; நோய், வறுமை, சாவு முதலியன தவிர்க்கத் தக்க நொதுமல். வில்லாளன் குறி நோக்கி எய்வதற்கு வேண்டிய எல்லாவற்றையும் பிழையறச் செய்வான். அம்பு விட்டபின் காற்று அடித்து அது விலகினால் அவன் வில்லாண்மை குறைவதில்லை. மாண்பு தன்னை மெய்யறிவு, நடுவுநிலை, துணிவு, அடக்கம் என நான்காகக் காட்டும். உரோதுத் தீவின் பனேத்தியசு எழுதிய கடமை நூலைத் தழுவி உரோம அறிஞர் சிசெரோ கி.மு. 44-இல் ஒரு நூல் செய்தார். அதனைத் தழுவி மிலான் நகர ஆயர் அம்புரோசு கி.பி. 4-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தம் குருமார்க்கு ஒன்று செய்தார். அந்த நான்கு மாண்புகளும் கிறித்தவப் பள்ளிகளுக்குள் நுழைந்த பெருவழிகளுள் இஃது ஒன்று.

உணர்வு எவ்வாறு பிறக்கிறது? சீனோன் இதனைத் தம் கையாலேயே காட்டுவார் எனச் சிசெரோ குறிக்கிறார். விரல்களை நீட்டி உள்ளங்கையை விரித்தால் அஃது உளத்தோற்றம்; விரல்களைச் சற்று மடக்கினால் இசைவு; இறுக மூடினால் பற்றிய அறிவு; அம்முட்டியை மற்றொரு கையால் பொதிந்து பிடித்தால் அசையாத மெய்யறிவு. புறத்தே நிகழ்வது உள்ளத்தில் ஒரு தோற்றத்தைப் பதிக்கிறது. அதனைத் தடுக்க நம்மால் இயலாது. அத்தோற்றம் 'இது தீமை' என்று கூற, உள்ளம் 'ஆம்' என்று இசைந்தால் மட்டுமே உணர்வு பிறக்கும். இசைவு நம் கையது. விலங்கிற்கும் குழவிக்கும் இந்த 'ஆம்' இல்லை; ஆதலின் அவற்றுக்கு அறமும் இல்லை, பிழையும் இல்லை. இசைவு பிழையானதாயின் பிறக்கும் உணர்வு அளவு கடந்து ஓடும். நடப்பவன் வேண்டியபோது நிற்பான். ஓடுபவனை அவன் கால்களே கொண்டுபோகும் என்று கிரிசிப்பசு இவ்வேறுபாட்டை விளக்கினார். அளவு கடந்த உந்தல் என்பதே சீனோன் தந்த இலக்கணம் ஆதலால், இதனை மிகையுணர்வு என்றும், இஃது அற்ற நிலையை மிகையறுநிலை என்றும் சொல்வோம். உணர்வின்மை என்று மொழிபெயர்ப்போர் திண்ணையரைக் கல்லாக்கிவிடுகின்றனர். மாண்பு நிறைந்தவரை அவர்கள் அறிவர் என்றனர்; அறிவர் கல் அல்லர். அவர் நடப்பவர், ஓடுபவர் அல்லர்.

நன்மை தீமை என இரண்டு. இப்போதைக்கு உரியது, இனி வரற்குரியது என இரண்டு. இரண்டையும் இரண்டால் பெருக்க நான்கு கட்டங்கள் அமையும். இனி வரும் நன்மையெனப் பிழையாகக் கொண்டதை நோக்கி எழுவது அவா. இனி வரும் தீமையெனக் கொண்டதிலிருந்து ஒடுங்குவது அச்சம். கையில் உள்ள நன்மையெனக் கொண்டதில் பொங்குவது களிப்பு. வந்துவிட்ட தீமையெனக் கொண்டதில் சுருங்குவது துயர். உலகின் எல்லா மிகையுணர்வுகளும் இந்நான்கின் கீழ் அடங்கும். இரக்கம் துயரின் ஒரு கிளையாக எண்ணப்பட்டது. இனி, அறிவருக்கு உரிய நல்லுணர்வுகளை இதே கட்டங்களில் நிரப்புவோம். அவாவின் இடத்தில் விழைவு. அச்சத்தின் இடத்தில் விழிப்பு. களிப்பின் இடத்தில் உவகை. துயரின் இடத்தில்? ஒன்றும் இல்லை. நான்கு மிகையுணர்வுகளுக்கு எதிர்நிரையாக மூன்று நல்லுணர்வுகளே உள்ளன.

இஃது எழுதுவோரின் மறதியன்று. வரையறையிலிருந்து தவிர்க்க இயலாது பிறக்கும் முடிவு. மாண்பின்மை ஒன்றே தீமை. அறிவரிடம் மாண்பின்மை இல்லை. ஆகவே அவருக்கு வந்துவிட்ட தீமை என்று ஒன்று இருக்க இயலாது. இல்லாத தீமைக்கு நல்ல துயரும் இருக்க இயலாது. ஏரணம் வழுவின்றி நிற்கிறது. ஆயினும் இதில் ஒரு விரிசல் உண்டென்பதைப் பழையோரே கண்டனர். தான் எவ்வகை மாண்பும் அற்றவன் என்பதைச் சாக்கிரட்டீசின் வாயால் உணர்ந்த ஏதென்சு இளைஞன் ஆல்கிபியாதீசு கண்ணீர் விட்டு, தனக்கு மாண்பைக் கற்பிக்குமாறு மன்றாடினான் என்பதைச் சிசெரோ எடுத்துக்காட்டுகிறார். அவன் துயர் பிழையான இசைவில் பிறந்ததா? அவன் கண்ட தீமை நோயோ வறுமையோ அன்று; திண்ணையர் ஒப்பும் ஒரே மெய்யான தீமை, அவனிடமே உள்ளது. அவன் இசைவு மெய். அறிவருக்கு இத்துயர் வாராது. அறிவரல்லாத நம் அனைவர்க்கும் இதுவே தகும். அறிவர் என்போர் மிக அரியர் என்பதைத் திண்ணையரே ஒப்பினர். அங்ஙனமாயின், வெறுமையாக விடப்பட்ட கட்டம் மாந்தருள் பெரும்பாலோர் வாழும் இடம் அன்றோ?

திண்ணையர் பிறர் துன்பத்தைக் கண்டு வாளா இருந்தவர் அல்லர். செனெக்கா இளம் பேரரசன் நீரோவிற்கு எழுதிய பொறையுடைமை பற்றிய நூலில், அறிவர் இரங்கமாட்டார், ஆனால் இரங்குவோர் செய்யும் எல்லாவற்றையும் செய்வார் என்று நிறுவுகிறார். கப்பல் உடைந்தவனுக்குக் கை நீட்டுவார். நாடு கடத்தப்பட்டவனுக்கு வீடு தருவார். முகத்தில் துயர்க்கோடு மட்டும் விழாது. அடிமையாய்ப் பிறந்து ஆசிரியராய் உயர்ந்த எபிக்தெத்தசு, அழுபவன் அருகில் இருந்து அவனோடு சேர்ந்து புலம்பலாம் என்றும், உள்ளத்தின் உள்ளே புலம்பலாகாது என்றும் கற்பித்தார். 2-ஆம் நூற்றாண்டினரான ஈரோக்கிளீசு, ஒவ்வொருவரும் தன்னை நடுவாகக் கொண்ட பல வட்டங்களுள் நிற்பதாக உருவகித்தார். உடல், பெற்றோரும் உடன்பிறந்தோரும், சுற்றம், ஊர், நாடு, மாந்தக் குலம் என விரியும் அவ்வட்டங்களை நடுவை நோக்கி இழுப்பதே அறம். இதற்கு அவர் கூறிய வழி தமிழரை வியப்பில் ஆழ்த்தும்: பெற்றோருடன் பிறந்தாரின் மக்களை உடன்பிறந்தோர் என்றும், பெற்றோருடன் பிறந்தாரைத் தந்தை, தாய் என்றும் அழைத்துப் பழகுக என்றார். பெரியப்பா, சின்னம்மா என்னும் அழைப்புகளில் நம் மொழி அந்த வட்டத்தை முன்பே உள்ளிழுத்து வைத்திருக்கிறது.

கிறித்தவம் இப்பள்ளியைச் சந்தித்தது தற்செயல் அன்று. பவுல் பிறந்த தர்சு, சிலிசியா நாட்டில் திண்ணையர் மெய்யியல் தழைத்த நகர். பள்ளியின் தலைவருள் ஒருவரான அந்திப்பாத்தர் அவ்வூரினர். ஏதென்சில் பவுல் வாதிட்டவருள் திண்ணையரும் இருந்தனர் எனத் திருத்தூதர் பணிகள் நூல் கூறுகிறது. மாந்தர் இறைவனின் வழித்தோன்றல்கள் என்று அங்கே அவர் காட்டிய பாவடி, அதே சிலிசிய நாட்டில் பிறந்து சீனோனின் பள்ளியோடு தொடர்புற்ற அராத்தசின் விண்மீன் நூலிலிருந்து வந்தது. கொரிந்தில் பவுலை முறைமன்றத்தில் நிறுத்தியபோது ஆளுநராய் இருந்த கல்லியோன், செனெக்காவின் உடன்பிறந்த தமையன். அவர் ஆட்சிக்காலம் கி.பி. 51, 52-ஐ ஒட்டியது என்பதைத் தெல்பிக் கல்வெட்டு காட்டுகிறது. தம்பி எழுதிய நூல்களையும் அண்ணன் முன் நின்றவர் எழுதிய மடல்களையும் அருகருகே வைத்துப் படிப்போர்க்கு, இருவரும் ஒருவரையொருவர் அறிந்திருக்க மாட்டாரா என்னும் ஏக்கம் எழுவது இயல்பு. 4-ஆம் நூற்றாண்டில் எவரோ அந்த ஏக்கத்தால் இருவரும் எழுதிக்கொண்டனவாகப் 14 மடல்களைப் புனைந்தார்; எரோணிமுசு போன்ற பேரறிஞரும் அவற்றைச் சுட்டினார். மடல்கள் பொய், அவற்றைப் புனையத் தூண்டிய ஒப்புமை மெய்.

அவ்வொப்புமையைச் சிறிது காண்போம். கதிரவன் தீயோர்மேலும் எழுகிறான் என்பதைக் காட்டி, நன்றியற்றோர்க்கும் நலஞ் செய்யுமாறு செனெக்கா கூறுகிறார். அதே கதிரவனைக் காட்டி, பகைவரை அன்புசெய்யுமாறு இயேசு கூறுகிறார். செனெக்காவும் பவுலும் மாந்தரை ஓருடலின் உறுப்புகள் என்கின்றனர். பேரரசர் மார்க்கசு அவுரேலியசு, தன்னைப் பகுதி என்று எண்ணாது உறுப்பு என்று எண்ணுமாறு தமக்கே அறிவுறுத்திக்கொண்டார். கிரேக்கத்தில் அவ்விரு சொற்களும் ஓரெழுத்தால் மட்டுமே வேறுபடும். பவுலின் உடலில் ஒரு புதுமை உண்டு: வலிமை குறைந்த உறுப்பிற்கே மிகுந்த மதிப்பு, ஓருறுப்பு நொந்தால் எல்லா உறுப்பும் உடன் நோகும். தன்னிறைவு என்பது திண்ணையரின் பெருஞ்சொல். பிலிப்பியர்க்குச் சிறையிலிருந்து எழுதுகையில் பவுல் அச்சொல்லையே எடுத்து, எந்நிலையிலும் தன்னிறைவாய் இருக்கக் கற்றதாகக் கூறி, அடுத்த மூச்சிலேயே தமக்கு வலுவூட்டும் பிறரொருவரைச் சுட்டுகிறார். பிறரால் வரும் தன்னிறைவு! அடிமைகளைப் பற்றி இரு நெறிகளும் உயர்ந்தன கூறின. அடிமை முறையை ஒழிக்குமாறு இரண்டுமே அன்று கேட்கவில்லை என்பதையும் மறைத்தலாகாது.

இனி வெறுங்கட்டம். கொரிந்தியர்க்கு எழுதிய இரண்டாம் மடலில் பவுல் துயரையே இரண்டாக வகுக்கிறார். இறைவனுக்கு ஏற்ற துயர் மனமாற்றத்தை விளைக்கும். உலகத் துயர் சாவை விளைக்கும். நிரலில் இல்லாத நல்ல துயர் இங்குத் தன் பெயருடன் வந்து அமர்கிறது. ஆல்கிபியாதீசின் கண்ணீருக்கு இடம் கிடைத்துவிட்டது. அடுத்து, சாவு நொதுமற்பொருள் அன்று, அழிக்கப்படவிருக்கும் இறுதிப் பகை என்று முதல் மடலில் பவுல் கூறுகிறார். சாவு மெய்யாகவே தீமையாயின், நண்பன் இலாசரின் கல்லறை முன் இயேசு அழுததில் பிழையான இசைவு இல்லை. இயேசு கூறிய உவமையில் அடிபட்டுக் கிடந்தவனைக் கண்ட சமாரியர்க்கு நிகழ்ந்ததை லூக்கா குறிக்கும் வினைச்சொல், குடல் என்னும் பெயரிலிருந்து பிறந்தது. வயிறு பற்றி எரிகிறது என்னும் தமிழ்த் தாய்மாரின் மொழிக்கு அதனை விளக்க வேண்டுவதில்லை. செனெக்காவின் அறிவரும் அவனைத் தூக்கிச் சென்றிருப்பார், புண்ணுக்கு எண்ணெயும் வார்த்திருப்பார், விடுதிக்குப் பணமும் தந்திருப்பார். செயலில் இருவரும் ஒருவரே. லூக்காவோ செயலுக்கு முன் அந்தக் குடல் நெகிழ்வை வைக்கிறார். கட்டம் ஒன்றை நிரப்ப, தீமை என்பதன் இலக்கணத்தையே கிறித்தவம் மாற்ற வேண்டியதாயிற்று. தமிழில் பிறர்க்கு வருந்துவது இரக்கம். தன் தீச்செயலுக்கு வருந்துவது கழிவிரக்கம். பவுலின் துயரும் சமாரியரின் நெகிழ்வும் ஒரே கட்டத்தவை என்பதை இவ்வளவு சுருக்கமாகக் காட்டும் சொல்லிணை கிரேக்கத்தில் இருப்பதாக நான் காணவில்லை.

ஆயின் கிறித்தவர் அனைவரும் இதை எளிதில் ஏற்றனர் என்று எண்ணலாகாது. கெத்செமனித் தோட்டத்தில் சாவை எண்ணி இயேசு கலங்கினார் என்னும் செய்தி கற்றோர் நடுவே அவர்களை நாணச் செய்தது. நஞ்சுக் கிண்ணத்தை அமைதியாக ஏந்திய சாக்கிரட்டீசை அறிந்த உலகம் அது. கெல்சசு என்னும் அறிஞர் அப்புலம்பலை 2-ஆம் நூற்றாண்டில் வெளிப்படையாகவே இகழ்ந்தார். இங்கே திண்ணையரின் மற்றொரு நுண்ணிய வகைப்பாடு கிறித்தவர்க்கு உதவிற்று. இசைவிற்கு முன்னரே, உளத்தோற்றம் தாக்கியவுடன், உடலில் சில அசைவுகள் எழும்: முகம் வெளுத்தல், மயிர் சிலிர்த்தல், குளிர்நீர் பட்டதும் நடுங்கல். சினம் பற்றிய நூலில் செனெக்கா இதனை முதல் அசைவு எனப் பிரித்து, இஃது அறிவருக்கும் உண்டு, இது சினமன்று என்கிறார். உள்ளத்தது உடலில் புலப்படுவதற்கு மெய்ப்பாடு என்னும் சொல்லைத் தந்து, அதற்கென ஓர் இயலையே தொல்காப்பியம் வகுத்திருக்கிறது; ஆகவே உணர்வு பிறக்கும் முன்னரே மெய்யில் படும் இதனை முன்மெய்ப்பாடு என்போம். 3-ஆம் நூற்றாண்டில் ஓரிகேனும், அவர் வழியில் எரோணிமுசும், இயேசு துயருறத் 'தொடங்கினார்' என்றே நற்செய்தி கூறுவதைப் பற்றிக்கொண்டு, அது தொடக்கமே, முன்மெய்ப்பாடே, மிகையுணர்வு அன்று என்றனர். ஒரு வினைச்சொல்லில் அவர்கள் ஓர் அறிவரைக் காப்பாற்றினர். நுட்பத்தைப் போற்றுகிறேன், ஆயினும் வெறுங்கட்டம் நிரம்பிவிடுமோ என்னும் அச்சமே அந்நுட்பத்தை ஈன்றது எனத் தோன்றுகிறது.

இரு நெறிகளும் ஒன்றையொன்று மதித்தும் ஒன்றையொன்று அறியாதும் நின்ற காலத்திற்கு ஒரு சான்று போதும். மெய்யியலாரின் உடையை இறுதிவரை அணிந்த கிறித்தவரான யுசுத்தீன், நெறிச்சொல் மாந்தரெல்லாரிடமும் வித்தாக இடப்பட்டுள்ளது என்னும் வித்துச்சொல் கொள்கையைத் திண்ணையரிடமிருந்து எடுத்து, அதற்கேற்ப வாழ்ந்தவராக மூசோனியசு என்னும் திண்ணையரைப் பெயர் சொல்லிப் போற்றினார். கி.பி. 165-ஐ ஒட்டி உரோமில் அவரை உசாவிச் சாவுக்கு ஆட்படுத்திய நகர ஆளுநர் யூனியசு உருசுத்திக்கசு. எபிக்தெத்தசின் உரைகளைத் தம் படியிலிருந்து தந்தவர் இவரே என்று மார்க்கசு அவுரேலியசு தம் நூலின் முதற்பகுதியில் நன்றியுடன் குறிக்கும் ஆசிரியரும் அவரே. அதே நூலின் 11-ஆம் பகுதி, சாவிற்கு அணியமாய் இருத்தல் தன் தீர்ப்பில் பிறக்க வேண்டும், கிறித்தவரைப்போல் வெறும் எதிர்ப்பில் பிறத்தலாகாது என்கிறது. அங்குக் கிறித்தவரைச் சுட்டும் சொல் பிற்சேர்க்கை என்பாரும் உளர். இரு தரப்பாரும் கையில் வைத்திருந்த நூல்கள் பல ஒன்றே. மன்றத்தில் அவை பேசவில்லை.

எகிப்தின் பாலைவெளித் துறவியர் இச்சிக்கலை வேறு வகையில் அவிழ்த்தனர். கி.பி. 399-இல் மறைந்த எவாகிரியசு, உள்ளத்தைத் தாக்கும் தீய எண்ணங்களை எட்டாக வகுத்தபோது துயரையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். எண்ணம் வருவது நம் கையில் இல்லை, அது தங்குவதும் தங்காமையும் நம் கையது என்னும் அவர் அறிவுரையில் சீனோனின் விரித்த உள்ளங்கை தெரிகிறது. மிகையறுநிலை துறவியின் இலக்கு என்பதையும் அவர் ஏற்றார். ஆனால் அதனை இறுதிப்படி ஆக்கவில்லை. மிகையறுநிலை ஈன்ற மகவே அன்பு என்றார். அதே பாலைவெளியில் தீவினைக்காக வடிக்கும் கண்ணீர் கொடையாகப் போற்றப்பட்டது. அதற்கு வேறு பெயரிட்டுத் தீய துயரினின்று பிரித்தனர். பின்னாளில் துறவியர் எபிக்தெத்தசின் கைந்நூலைத் தங்களுக்கெனப் படியெடுத்தபோது, ஒரு படியில் சாக்கிரட்டீசின் பெயரை நீக்கிப் பவுலின் பெயரை எழுதினர்.

இறுதியாக ஒரு புயல். அயோனியக் கடலில் கப்பல் அமிழும் நிலையில் இருந்தபோது உடன் வந்த திண்ணையர் ஒருவரின் முகம் வெளுத்ததை உரோம எழுத்தாளர் அவுலசு கெல்லியசு கண்டார். கரை சேர்ந்தபின் அவர் வினவ, அம்மெய்யியலார் தம் பையிலிருந்து எபிக்தெத்தசு உரைகளின் ஐந்தாம் பகுதியை எடுத்துக் காட்டினார்: வெளுத்தல் அறிவருக்கும் உண்டு, இசைதல் இல்லை. எட்டாக இருந்த அவ்வுரைகளுள் இன்று எஞ்சியவை நான்கே, ஐந்தாவது அழிந்துவிட்டது, இப்புயலால் அதன் ஒரு துண்டு நமக்குக் கிடைத்தது. கி.பி. 413-க்கும் 426-க்கும் இடையே இறைவனின் நகர் என்னும் பெருநூலை எழுதிய அகுசுத்தீன், ஒன்பதாம் பகுதியில் இக்கதையை எடுத்து, வெளுத்தவர் அஞ்சியவரே, பெயர் மட்டும் மாற்றுகின்றனர் என்று முடிக்கிறார். முன்மெய்ப்பாட்டை அச்சத்தோடு ஒன்றாக்கியது அவர் பிழை. திண்ணையர் வகைப்பாடு அவர் எண்ணியதைவிட நுண்ணியது. ஆயினும் பதினான்காம் பகுதியில் இந்த வாழ்விலேயே நோவு அறவே அற்றுப்போதல் நலமன்று, மரத்தலே என்று அவர் கூறுவது ஏரணத்தில் பிறந்த சொல் அன்று. அதற்குப் பின்னால் ஒரு நாள் இருக்கிறது.

கி.பி. 387. உரோமின் துறைமுகமான ஒசுதியாவில் அவர் தாய் மோனிக்கா 56-ஆம் அகவையில் இறந்தார். 33 அகவை மகன் தாயின் கண்களை மூடினார். பெருந்துயர் நெஞ்சில் திரண்டு கண்ணை நோக்கி எழ, உள்ளத்தின் ஆணையால் அதனை உள்ளே திருப்பினார். அவர் மகனான சிறுவன் அதெயோதாத்துசு வாய்விட்டு அழுதபோது அனைவரும் சேர்ந்து அவனை அமைதியாக்கினர். அடக்கம் முடிந்தது; கண்ணீர் இல்லை. நீராடினால் துயர் நீங்கும் என்று கேள்வியுற்று நீராடச் சென்றார். துயர் வியர்வையாய் வெளியேறவில்லை. உறங்கி எழுந்தார். படுக்கையில் தனித்திருக்கையில், தமக்குத் திருமுழுக்களித்த அம்புரோசு இயற்றிய பாடல் ஒன்று நினைவில் வந்தது. அப்போது அணை உடைந்தது. பத்தாண்டுகள் கழித்து இதனை எழுதும்போது, ஒரு மணி நேரத்தின் சிறு பகுதி தாய்க்காகத் தாம் அழுததைப் பிழையெனக் காண்போர் நகைக்க வேண்டாம் என்றும், அன்புடையராயின் தம் பிழைகளுக்காக அவர்களும் அழட்டும் என்றும் அவர் கேட்டுக்கொண்டார்.